மனநோயும் தாய்மொழியும்

உடலில் காயம் என்றால் மருத்துவர் கண்ணால் கண்டு அறியலாம். மனத்தின் காயத்தையோ பெரும்பாலும் நோயாளியின் பேச்சைக் கேட்டே அறிய வேண்டும். அந்தப் பேச்சே அவருக்குப் பழகாத மொழியில் அமைந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிய மக்களின் நிலை இதுவே. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமான இவர்கள் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 6 கோடியே 20 இலட்சம் பேர். இவர்களுள் பலர் வீட்டில் பேசுவது ஸ்பானிய மொழி. மருத்துவர் கேட்பதோ ஆங்கிலத்தில்!

1973-இல் நியூயார்க்கில் லூயிஸ் மார்க்கோஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் பத்து நோயாளிகளை இரு மொழிகளிலும் பேசவைத்து ஆராய்ந்தனர். அதே நோயாளிகள் ஆங்கிலத்தில் பேசியபோது நோய் மிகுந்தவர்களாக மதிப்பிடப்பட்டனர். சொல்லைத் தேடித் தயங்கியதும் இடையிடையே மௌனமானதும் நோயின் குறிகளாகத் தோன்றிவிட்டன. 1981-இல் மெக்சிகோ வழியினரிடம் நடந்த மற்றோர் ஆய்விலோ, தாய்மொழியில் பேசியபோதுதான் நோய் அதிகமாக வெளிப்பட்டது. ஆகவே அயல்மொழி இல்லாத நோயைக் காட்டவும் கூடும்; இருக்கும் நோயை மறைக்கவும் கூடும்.

பண்பாடும் அப்படியே. உறவினர் இறந்த செய்தி கேட்டு ஒரு பெண் கதறுகிறாள், உடல் நடுங்குகிறது, நெஞ்சிலிருந்து சூடு தலைக்கேறுகிறது. கரீபியத் தீவு மக்கள் இதனை ‘அத்தாக்கே தே நெர்வியோஸ்’, அதாவது நரம்புகளின் தாக்குதல் என்பர். அவர்களுக்கு இது பழகிய துயரம். அறியாத மருத்துவருக்கோ பைத்தியமாகத் தோன்றலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-இல் இதனைக் குறித்தது. 2013-இல் நோயாளியின் பண்பாட்டை அறிய 16 கேள்விகளையும் வகுத்துத் தந்தது. இது நல்ல மாற்றமே. ஆனால், “இது இவர்கள் வழக்கம்தானே” என்று மெய்யான நோயைத் தள்ளிவிடுவதும் தவறாகும்.

தோழியரே! ஆங்கிலம் தெரிந்த பிள்ளையே தாய்க்கு மொழிபெயர்க்க நேர்வதும் உண்டு. “சாக வேண்டும் என்று எண்ணியதுண்டா?” என்று பெற்ற தாயிடம் ஒரு சிறுமி எப்படிக் கேட்பாள்? மகளின் முகத்தைப் பார்த்துத் தாய் எப்படி உண்மை சொல்வாள்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருப்பது சலுகையன்று. மருத்துவத்தின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம்.

நம்மில் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆவோம். நோய்க்குப் பெயர் சூட்டுமுன், துன்புறுவோர் தம் துன்பத்தைத் தம் மொழியில் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்போமாக!