அவள் கையிலே ஊசி!

தோழனே!

ஆராய்ச்சி என்றதும் உன் மனக்கண்முன் தோன்றுவது எது? வெள்ளை அங்கி, கண்ணாடிக் குழாய், வானளாவிய கட்டடம், உள்ளே நுழைவோரை உற்றுநோக்கும் வாயிற்காவலன்! நான் இன்று எடுத்துரைப்பதோ மண்சுவர்க் குடிசைக்குள்ளே நடந்த ஆராய்ச்சி. ஏட்டிலே குறித்தவள் கிராமத்துப் பெண். அவள் குறித்ததோ, தொப்புள்கொடி அறுத்த ஈரம் காயாத சிசுவின் மூச்சை.

மராட்டிய மாநிலத்தின் கிழக்குக் கோடியிலே, காடு சூழ்ந்த மாவட்டம் கட்சிரோலி. கோண்டு பழங்குடியினர் வாழும் பகுதி. அங்கே வந்து தங்கினர் அபய் பங், ராணி பங் எனும் மருத்துவத் தம்பதியர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே பயின்றவர்கள் ஊரை மறந்திருக்கலாம், மறக்கவில்லை. இரண்டு சிற்றூர்ப் பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் 'லான்செட்' இதழிலே ராணி பங் முடிவை வெளியிட்டார். நூற்றுக்கு 92 பேருக்கு மகளிர் நோய்! அதற்கு முன் அந்நோய்க்கெனப் பரிசோதிக்கப்பட்டவரோ நூற்றுக்கு 8 பேர். தாய்மையைத் தெய்வம் என்று போற்றும் நாடு இது. அந்தத் தெய்வத்துக்கு மருந்து கொடுக்கத்தான் ஆளில்லை!

தாயின் கதை அதுவெனில், சேயின் கதை?

39 ஊர்களிலே, ஐந்து முதல் பத்து வகுப்புவரை படித்த பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தனர். 1995–96-இல் அப்பெண்கள் வீடு வீடாகச் சென்று 763 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்தனர், எடை பார்த்தனர், ஏட்டிலே பதிந்தனர். மருத்துவ உதவி தேவைப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கு 54. மருத்துவரின் கை பட்டவையோ நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

அடுத்த ஆண்டு, அதே பெண்களின் கையிலே ஊசி தரப்பட்டது. ஆம், ஊசி! "ஐந்தாம் வகுப்புக்காரி ஊசி போடுவதா?" என்று கேட்கத் தோன்றும், பட்டம் பெற்றோர்க்கு. (கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான், ஆகவே இந்தக் கேள்வி என் காதுக்குப் பழகியது.) இரத்தத்திலே கிருமி பரவிய சிசுவுக்கு அவள் ஜென்டாமைசின் செலுத்தினாள். மூச்சுவிடாத சிசுவுக்கு மூச்சூட்டினாள். குளிர்ந்த உடலைப் போர்த்திச் சூடேற்றினாள். முலைப்பால் ஊட்டத் தாய்க்குக் கற்பித்தாள்.

விளைவு? அவ்வூர்களிலே, பிறந்து ஒரு மாதத்துக்குள் மாண்ட குழந்தைகள் 1993–95-இல் ஆயிரத்துக்கு 62, 1997–98-இலே 25.5. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த 47 ஊர்களோடு எண்ணினால், நூற்றுக்கு 62 பங்கு குறைவு! கிருமி நோய் கண்ட சிசுக்களிலே முன்பு நூற்றுக்கு 16.6 இறந்தன, அவள் மருத்துவம் செய்தபின் 2.8. ஒரு குழந்தைக்கான செலவு ஐந்து டாலர் சொச்சம். 1999 டிசம்பரிலே 'லான்செட்' இதை வெளியிட, உலகம் வியந்தது.

வியந்த உலகத்துக்கு ஓராண்டு போதும். நமது ஆட்சிப் பீடத்துக்கோ பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. 2011-இலேதான் மத்திய அரசு இம்முறையைத் திட்டமாக்கி, 'ஆஷா' எனும் ஊழியரிடம் ஒப்படைத்தது. தராசு தந்தது, வெப்பமானி தந்தது, பை தந்தது. ஊசியை மட்டும் தரவில்லை! கட்சிரோலியின் உயிர்நாடி எதுவோ, அதை நிறுத்திக்கொண்டு மிச்சத்தை வழங்கினார்கள்.

கூலி? வீட்டிலே பிரசவமெனில் 42 நாட்களிலே ஏழு நடை, மருத்துவமனையிலெனில் ஆறு. அத்தனைக்கும் சேர்த்து 250 ரூபாய் என்று அத்திட்டம் நிர்ணயித்தது. மழையிலே நடந்தாலும் அதுதான், மலையேறினாலும் அதுதான். ஊழியர் என்றால் ஊதியம் தரவேண்டுமே! ஆகவே அவளுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர் சூட்டினர். என்னே சொல்லாட்சி! ஆர்வம் அவளுடையது, ஆதாயம் அரசுடையது.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது வழங்கியது. தலைவர்கள் பாராட்டினர். விருதை உலையிலே போட்டால் வேகுமா, தோழனே? 2025-இல் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன்னே, 21,000 ரூபாய் மாத ஊதியம் கேட்டு அப்பெண்கள் மாதக்கணக்கிலே அமர்ந்திருந்தனர். போராட்டத்தின் 50-ஆம் நாள், தங்கள் கூந்தலைத் தாங்களே வெட்டிக்கொண்டனர்.