அவுட்பாக்ஸில் கிடந்த இரங்கல்

புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சு மீடியத்தில் படித்த நண்பன் பாரிஸில் காலமானான். அவன் மனைவிக்கு அன்றிரவே லேப்டாப்பில் இரங்கல் மடல் எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால், அது அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது! வருகிற மெயில் ஒழுங்காக வந்ததால் சந்தேகமே எழவில்லை.

ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் புது வைஃபை போட்டு ஒரு வாரம்தான். பேரன் பார்த்தான். "தாத்தா, மெயில் வர ஒரு வழி, போக வேற வழி. நீங்க பழைய 25-ஆம் போர்ட்டையே வெச்சிருக்கீங்க. ஸ்பேமைத் தடுக்க வீட்டு இணைப்புகள்ல அதை அடைச்சிடறாங்க" என்றான். 587 என்று மாற்றி, அனுப்பும்போதும் பாஸ்வேர்டு கொடுக்கும்படி அமைத்தான். மடல் போய்விட்டது.

"நீங்களும் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்று பதில் வந்தது.

அடைத்தது சரிதான். ஆனால் வீட்டுக்காரனிடம் சொல்ல வேண்டாமா? இணைப்புக் கொடுக்கும்போதே தமிழில் ஒரு துண்டுச் சீட்டு தந்தால் போதுமே.

என் மேலும் தப்பு உண்டு. ஆபீசில் டெஸ்பாட்ச் ரிஜிஸ்தரில் ஏறாத தபாலைப் 'போய்விட்டது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

நீங்களும் இன்றே உங்கள் அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள்.