ஏணி வேண்டும், வேலி வேண்டாம்



2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கால்பந்து லீக்கையும் அதே கோட்டில் வெட்டிவிடலாம் என்கிறார்கள் விடுதி நண்பர்கள் சிலர். நான் மறுக்கிறேன். மாவட்ட எல்லை கலெக்டருக்கு வேண்டும், பந்துக்கு எதற்கு?

புதிய குழுக்கள் சேர்ந்தால் ஆட்டங்கள் பெருகும், உண்மைதான். பன்னிரண்டு குழுக்கள் ஒன்றோடொன்று மோதினால் 66 ஆட்டங்கள். (இயற்பியல் படிப்பவனுக்குக் கணக்குப் போடாவிட்டால் உறக்கம் வராது!) ஊருக்கு ஆறாகப் பிரித்தால் 30. பிறகு, ஊருக்கு மூன்றாக முன்னணியில் நிற்பவர்களை மேல் பிரிவில் மோதவிட்டால் இன்னும் 15. ஆக 45தான். ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் பேருந்துச் செலவும் மேல் பிரிவுக்கு மட்டுமே.

புதியவர்கள் கீழ்ப் பிரிவில் நுழையட்டும், வென்றால் ஏறட்டும். கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இரண்டு இந்தியக் குழுக்களுக்கு மேல் கூடாதென்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 1925-இல் ஈஸ்ட் பெங்கால் அதை உடைத்து ஏறியது. 1934-இல் ஏறிய முகமதன் ஸ்போர்ட்டிங் அவ்வாண்டே வாகை சூடியது. 1938 வரை விடவேயில்லை. அந்த விதி நீடித்திருந்தால் இதை யார் கண்டிருப்பார்கள்? நம் நாளிலோ, 2014-இல் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக்கில் கீழே வென்று மேலேறிய முதல் குழுவைக் காண, 2023-இல் பஞ்சாப் வரும்வரை காத்திருந்தோம்.

நான் வேலூர்க்காரன். நம் தமிழ் மாணவர் குழு சென்ற ஆண்டு இடம் கேட்டபோது, "வெளியூர்ப் பையன்கள், படிப்பு முடிந்தால் போய்விடுவார்கள்" என்றார் ஒருவர். போவோம்தான். அடுத்த ஆண்டு வேறு பதினொருவர் வருவார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் களத்தில் நிற்கிறோமா என்று மட்டும் கேட்கட்டும்.