பைத்தியக்காரக் கதவு

ஆற்று நீரை மேட்டிலேயே மடக்கிக் கால்வாய் வழியே ஆலைக்குக் கொண்டு செல்லும் வித்தை மிகப் பழமையானது. ஆறு பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. கால்வாயோ தன் மட்டத்தை அதிகம் இழக்காமல் கரையோரமாகச் செல்கிறது. சிறிது தூரத்தில் இரண்டுக்கும் இடையே பல அடி உயரம் உண்டாகிறது. அங்கிருந்து சீறி விழும் ஜலமே சக்கரத்தைச் சுழற்றுகிறது. இக்காலத்து நீர்மின் நிலையங்கள் பலவற்றுக்கும் இதுவே சூத்திரம்.

அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து லோவெல் நகரம் இச்சூத்திரத்தைக் கொண்டே எழுந்தது. மெர்ரிமாக் நதி அங்கே சுமார் 32 அடி தாழ்கிறது. அருவியைச் சுற்றிப் படகும் மரமும் செல்வதற்காக 1796-இல் திறந்த கால்வாயை, 1820-களில் பாஸ்டன் வர்த்தகர்கள் கைக்கொண்டு, கிளைகள் வெட்டி, நெசவாலைகளை நிறுவினார்கள். மேல்மட்டத்தில் 13 அடி விழுந்து ஓர் ஆலையை ஓட்டிய நீர், கீழ்மட்டக் கால்வாயில் சேர்ந்து, மீண்டும் 17 அடி விழுந்து வேறோர் ஆலையை ஓட்டிற்று. எவ்வளவு சிக்கனம்! ஆனால் அங்கே நெய்த பஞ்சு, தென் மாகாணங்களில் அடிமைகள் விளைத்தது. தறியில் நின்ற பெண்களோ கூலிக் குறைப்பை எதிர்த்து 1834-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவற்றையும் நாம் மறப்பதற்கில்லை.

ஆலைக்கு உயிரளிக்கும் கால்வாயே, வெள்ளக் காலத்தில் ஊருக்கு எமனாகலாம். இதை உணர்ந்தவர், இங்கிலாந்தில் பிறந்து இக்கால்வாய்களின் தலைமை எஞ்சினீயராய் உயர்ந்த ஜேம்ஸ் பிரான்ஸிஸ். கால்வாயே இல்லாத 1785-இல் வந்த பெருவெள்ளத்தின் செய்திகளை அவர் விசாரித்தறிந்தார். அவ்வளவு நீர் இன்று வந்தால் ஊர் என்னாகும் என்று கணக்கிட்டார். 27 அடி அகலமும் 25 அடி உயரமுமுள்ள மரக்கதவு ஒன்றைச் செய்து, கால்வாய்க்கு மேலே இரும்புப் பட்டையால் தொங்கவிட்டார். 1850-இல் வேலை முடிந்தது. ஊரார் நகைத்து, ‘பிரான்ஸிஸின் பைத்தியக்காரத்தனம்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

இரண்டே வருஷம் சென்றது. 1852 ஏப்ரலில் நதி பொங்கிற்று. விடியுமுன் உளியால் இரும்புப் பட்டையை வெட்டினார்கள், கதவு விழுந்தது, நகரம் பிழைத்தது. பிரான்ஸிஸ் 1892-இல் காலமானார். அதற்கு 44 வருஷங்களுக்குப் பின், 1936-ஆம் வருஷத்து வெள்ளத்திலும் அதே கதவு இறங்கி ஊரைக் காத்தது. அவர் பெயர் தாங்கிய டர்பைன் இன்று உலகெங்கும் சுழல்கிறது. எனினும், அசையாமல் தொங்கிய அந்தக் கதவையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

மழை பொய்த்த வருஷத்தில் மதகைப் பழுது பார்க்கப் பணம் கேட்பவன் நம் ஊரிலும் உண்டு. அவனைக் கண்டு நகைக்குமுன், நேயர்கள் இந்தக் கதவைச் சற்றே நினைவுகூர்வார்களாக.