பூட்டைக் கழற்றிவிட்டு ரேகை வைக்கச் சொல்கிறார்கள்

நவம்பர் மாதம் வந்துவிட்டால், சந்தாபுரா சர்க்கிள் பக்கத்திலுள்ள ஒரு சிறிய கம்ப்யூட்டர் கடையில் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களின் வரிசை நிற்கும். 'இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அரசாங்கத்துக்கு விரல் ரேகை வைத்துச் சொல்ல வேண்டுமே! 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் திட்டம் வந்ததிலிருந்து வங்கிப் படி ஏறுகிற சிரமம் குறைந்திருக்கிறது. நல்ல திட்டம். அதைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை.

2025 நவம்பரில் என் முறை வந்தபோது ரேகைக் கருவி வேலை செய்யவில்லை. அதற்கு முந்தைய மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு நின்றதால், கடைக்காரர் விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். கருவி மட்டும் பழையது. அதை இயக்கும் 'டிரைவர்' என்ற சிறு புரோகிராமை ஏற்ற முடியாது என்று திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. கடையிலிருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் மளமளவென்று எங்கோ போய் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற ஒன்றை அணைத்து, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கினான்.

"இனிமே ஓடும் சார்."

"வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுவியா தம்பி?"

"போட்டா மெஷின் ஓடாது சார். பின்னாடி பத்துப் பேர் நிக்கிறாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவன் அணைத்தது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பழைய சிக்னல் கேபினைப் பார்த்த அன்பர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே லீவர்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும். பாயின்ட் சரியாக அமைந்து பூட்டப்படாமல் சிக்னல் லீவரை இழுக்க முடியாது. ஆள் எவ்வளவு பலசாலியானாலும் வராது. கம்ப்யூட்டரின் நினைவகத்திலும் இப்படி இரண்டு லீவர்கள் உண்டு. ஒரு பகுதியில் எழுதலாம், அல்லது அங்கே உள்ளதைக் கட்டளையாக ஓட்டலாம். இரண்டும் ஒரே இடத்தில் கூடாது. கூடினால், வெளியிலிருந்து வருகிறவன் தகவல் என்ற பெயரில் கட்டளையை எழுதி, அதையே ஓட்டிவிடுவான். 1988-ல் இன்டர்நெட்டைக் கலக்கிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் இதற்கு முதல் பூட்டு வந்தது. மெமரி இன்டெக்ரிட்டி அதன் கடுமையான வாரிசு. இயங்குதளத்தின் கருவறையான கெர்னலுக்குள்ளேயே, கையொப்பம் சரிபார்க்கப்படாத எதுவும் கட்டளையாக ஓடாதபடி, தனியாகப் பிரித்து வைத்த ஓர் இடத்திலிருந்து காவல் காக்கிறது. சில பழைய டிரைவர்கள், எழுதவும் ஓட்டவும் ஒரே இடத்தைக் கேட்கும்படி எழுதப்பட்டவை. பூட்டு அவற்றை விடாது. விடவும் கூடாது.

பூட்டுக்கும் சாமானுக்கும் மட்டுமல்ல, பூட்டுக்கும் பூட்டுக்குமே சண்டை வந்திருக்கிறது. 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்' என்ற சிப் குறை வெளியானது. கெர்னலின் நினைவகத்தைச் சாதாரண புரோகிராம்கூட எட்டிப் பார்த்துவிடலாம் என்கிற குறை. அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் கொடுத்தது. ஆனால் சில வைரஸ் தடுப்பு மென்பொருட்கள், பாதுகாப்பு என்ற பெயரில் அனுமதியில்லாத வழியாக கெர்னல் நினைவகத்துக்குள் கை விட்டுக்கொண்டிருந்தன. திருத்தம் வந்ததும் அந்தக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்தன. உடனே மைக்ரோசாஃப்ட், 'ஒத்துப்போகிறது' என்று வைரஸ் தடுப்பு மென்பொருள் ஓர் அடையாளம் வைத்தால்தான் திருத்தம் தருவோம் என்றது. அடையாளம் இல்லாத கம்ப்யூட்டர்களுக்கு அந்தத் திருத்தமும் இல்லை, சில மாதங்களுக்குப் பின்னால் வந்த திருத்தங்களும் இல்லை. இரண்டு காவல்காரர்கள் வாசலில் மல்லுக்கு நிற்க, வீடு திறந்து கிடந்தது.

பூட்டு செய்தவர்களும் உறுதியாக நிற்பதில்லை என்பது என் வருத்தம். விளையாட்டுகள் வேகமாக ஓட வேண்டுமானால் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துக்கொள்ளலாம், முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள் என்று 2022-ல் மைக்ரோசாஃப்டே வழி சொன்னது. முடிந்ததும் போடுகிறவர்கள் எத்தனை பேர்? போடுவதற்குக் கம்ப்யூட்டரை மறுபடி துவக்க வேறு வேண்டும்.

ரயில்வேயிலும் பூட்டைக் கழற்றாமல் வேலை நடக்காது. பழுது பார்க்க இன்டர்லாக்கிங்கைத் துண்டித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கு டி/351 என்று ஒரு படிவம் உண்டு. எதை, எத்தனை மணிக்குத் துண்டிக்கிறேன் என்று எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்து, மறுபடி இணைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சர்வீஸில் இருந்தபோது இந்தக் காகிதத்தை நானே அலுத்துக்கொண்டதுண்டு. 2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் அருகே பஹானகா பஜாரில், சென்னை வர வேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல் பச்சை காட்ட, பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிக்னல் சர்க்யூட்டை மாற்றியமைத்ததில் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அதன் பிறகு அந்தக் காகிதத்தைப் பற்றி நான் வேடிக்கையாகப் பேசுவதில்லை.

கடையில் ரேகைக் கருவியால் யாரும் சாகப்போவதில்லை, உண்மை. ஆனால் அதே கம்ப்யூட்டரில்தான் நாள் முழுதும் பான் கார்டு, வங்கிக் கணக்கு, நிலப் பத்திர நகல் எல்லாம் நடக்கிறது. எல்0 என்ற பழைய வகைக் கருவியில் ரேகையைக் குறியீடாக்கும் வேலை கருவிக்குள் நடப்பதில்லை. அது செருகப்பட்டிருக்கும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. எல்1 வகையில் கருவிக்குள்ளேயே முடிந்துவிடும். ஆதார் ஆணையம் எல்1-க்கு மாறச் சொன்னதன் அர்த்தம் இதுதான். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை எந்தக் கடையில் மாற்றுவது?

பையனை நான் குற்றம் சொல்லவில்லை. கருவியை விற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பூட்டோடு ஒத்துப்போகும் டிரைவர் எப்போது வரும் என்பது என் கேள்வி. மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிட்டு முயற்சி செய்யவும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கோளாறு இங்கேதான் இருக்கிறது. கருவியை விற்றுக் காசு வாங்கியவர் டிரைவரைத் திருத்தும் செலவை மிச்சம் பிடிக்கிறார். அதன் ஆபத்தை வரிசையில் நிற்கும் கிழவர்கள் சுமக்கிறோம். ஆதார் ரேகைக் கருவிகளுக்கு மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. சான்றிதழ் தேவை. பூட்டை அணைத்தால்தான் ஓடும் என்கிற டிரைவருக்குச் சான்றிதழ் கிடையாது; ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் செல்லாது என்று கறாராகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டும் அந்தப் பொத்தானுக்கு ஒரு டி/351 வைக்கட்டும்: யார் அணைத்தது, எப்போது, எதற்காக என்று பதிவாக வேண்டும், ஒரு நாள் கழிந்ததும் பூட்டு தானாக விழ வேண்டும்.

அன்று நான் ரேகை வைக்காமல் திரும்பிவிட்டேன். 2021 நவம்பரிலிருந்து முகம் காட்டியே சான்றிதழ் பெறும் வசதி இருக்கிறது. வீட்டுக்கு வந்து மருமகளின் ஆண்ட்ராய்டு ஃபோனில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. வருகிற நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் ஒரு மேசையும் ஜன்னல் ஓரமாக நல்ல வெளிச்சமும் கொடுத்தால், வருகிற பெரியவர்களுக்கு நான் உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன். ஆதார் அட்டையையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.