கையுறை மாட்டிய கற்பனை மனிதர்

பூச்சிமருந்து பாட்டிலோடு மடித்து வைத்த ஒரு நோட்டீஸ் வரும். பிரித்துப் படித்திருக்கிறீர்களா? பூதக்கண்ணாடி வேண்டும். கையுறை போடு, முகமூடி போடு, பூட்ஸ் போடு, காற்றுக்கு எதிரே அடிக்காதே என்று எறும்பு சைஸ் எழுத்தில் உபதேசம்.

யாருக்கு இந்த உபதேசம்?

பொருட்களை வடிவமைக்கிறவர்களிடம் ‘பெர்சோனா’ என்றொரு முறை உண்டு. அமெரிக்கரான ஆலன் கூப்பர் 1999-ல் எழுதிய புத்தகத்தால் பரவியது. பயன்படுத்தப்போகிறவர்களை நேரில் பார்த்துப் பேசி, அதிலிருந்து ஒரு மாதிரி மனிதரை உருவாக்கி, பெயர், வயதெல்லாம் கொடுத்து, ‘இவருக்கு இது சரிப்படுமா?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்வது. நேரில் பார்க்காமல் உருவாக்கினால் அது வெறும் பொம்மை. நோட்டீஸில் வருகிறவர் அப்படியொரு பொம்மைதான்.

பெரம்பலூர், அரியலூர் பருத்திக் காட்டுக்குப் பொருந்துகிற பெர்சோனாவை நான் தருகிறேன். பெயர் முருகேசன். வயது 45. நிலம் அவருடையதல்ல, கூலிக்கு மருந்தடிக்கிறார். மருந்து வாங்கியவர் வேறு ஆள். நோட்டீஸ் கடையோடு போச்சு. கைலி, வெறுங்கால், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, முதுகில் 16 லிட்டர் டேங்க். செடி தோளுக்கு மேல் வளர்ந்து நிற்க, அடிக்கிற மருந்து முகத்துக்கே திரும்புகிறது. அந்த வெயிலில் ரப்பர் கையுறையை நீங்கள் பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள், தெரியும்.

பாட்டிலில் நிற முக்கோணம் இருக்கிறதே என்பார்கள். சிவப்பு கடும் விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. மஞ்சள் என்றால் மங்களம் என்று பழகியவருக்கு, அது நீலத்தைவிடக் கொடியது என்று எப்படித் தோன்றும்?

2017-ல் பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள்; சிலர் இறந்தும் போனார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிராவின் யவத்மாலில் 20 பேருக்கு மேல் பலி. இப்படி நடக்கும்போதெல்லாம் ஒரே பதில்: ‘பாதுகாப்புக் கவசம் அணியவில்லை.’ அதாவது, பொருள் சரி, மனிதன்தான் தப்பு! செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டச் சொல்கிற நியாயம் இது.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வகுத்த நடத்தை விதி வேறு மாதிரி சொல்கிறது. அசௌகரியமான, விலை அதிகமான, சுலபத்தில் கிடைக்காத கவசம் தேவைப்படும் மருந்துகளை, வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகள், கூலிகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டும் என்கிறது.

மருந்துக்கு அனுமதி தருகிற மத்திய அரசின் பதிவுக் குழு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். ‘கையுறை இல்லாத முருகேசன் இதை அடித்தால் என்ன ஆகும்?’

‘செத்துப்போவார்’ என்பது பதிலானால், அந்த மருந்து கடைக்கே வரக் கூடாது.