கதிர்காமத்துக்கு நடக்க விரும்பும் அம்மாமாருக்கு



ஆடி மாதக் கதிர்காம உற்சவத்துக்காக, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து அடியார்கள் பாதயாத்திரை புறப்படுவதை அறிவீர்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை எனக் கரையோரமாகச் சென்று, குமண, யால காடுகளைக் கடந்து போகவேண்டும். முழுத்தூரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரை மாதம் செல்லும். யுத்தத்தினால் வடக்கிலிருந்து செல்லும் இந்நடை பல வருடங்கள் தடைப்பட்டிருந்தது.

எமது பெண்கள் குழுவிலுள்ள 64 வயது அம்மா ஒருவர் தானும் நடக்கப்போவதாகக் கூறினார். பிள்ளைகள் மறித்துவிட்டார்கள். "2009இல மகளின்ர கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தனான். அப்ப ஏலுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப நான் விரும்பி நடக்கப்போறன் எண்டால் எல்லாருக்கும் பயம்" என்றார்.

அவர் கூறியது நியாயம். வயதான பெண், அதிலும் கணவரை இழந்தவர், வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும் என்றே எமது சமூகம் நினைக்கின்றது. துரத்தப்பட்டு நடந்தவர், தன் விருப்பத்துக்கு நடக்க நினைப்பது அவரது உரிமை. ஆயினும் பிள்ளைகளின் பயத்துக்கும் காரணம் உண்டு. அதற்கு ஆயத்தமே சரியான பதில்.

முதலில் கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள். பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சுநோ, உடம்பில் தங்கியுள்ள செல் துண்டு எதையும் மறைக்கவேண்டாம். பயண நாட்களுக்குப் போதிய குளிசைகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதிகம் நடக்கும்போது சீனி திடீரெனக் குறையலாம். நடுக்கம், வியர்வை வந்தால் உடனே சீனி அல்லது இனிப்பு சாப்பிடவேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அதன் அளவையும், வெயிலில் பாதுகாக்கும் முறையையும் கேட்டறியுங்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்னரே நடக்கத் தொடங்குங்கள். காலையில் 20 நிமிடம் போதும். கிழமைக்குக் கிழமை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பின்னர் தோளில் பையுடன் நடந்து பாருங்கள். கொண்டுபோகும் செருப்பையே இப்போதிருந்து போட்டுப் பழகுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாமற் போகலாம். அவர்கள் வெறுங்காலுடன் நடக்கும் நேர்த்தி வைக்கவேண்டாம். பின்னேரம் தோறும் பாதங்களைப் பார்க்கவேண்டும்.

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, டோர்ச், ஜீவனி பக்கற், தண்ணீர்ப் போத்தல் அவசியம். காட்டுப்பாதை குறிப்பிட்ட நாட்களுக்கே திறக்கப்படும். அவ்வருட அறிவித்தலைக் கேட்டறியுங்கள். யானை, கரடி உள்ள காடு. பகலில், கூட்டத்துடன் மட்டும் நடவுங்கள். தெரிந்த பெண்கள் நால்வராவது சேர்ந்து செல்வது இரவில் தங்குவதற்கும் பாதுகாப்பு.

சந்நிதியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்றில்லை. மட்டக்களப்பிலோ பொத்துவிலிலோ இணைபவர்கள் பலர். வைத்தியர் வேண்டாம் என்றால், உங்கள் ஊரால் யாத்திரை வரும் அன்று ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயில் வரை நடவுங்கள். அதுவும் யாத்திரைதான்.

இதை வாசிக்கும் மகள்மாரே, அம்மாவை மறிப்பதற்கு முன்னர், நாளைக் காலை 20 நிமிடம் அவருடன் நடந்து பாருங்கள்.